பச்சை விளக்குகளுக்கு நடுவே நின்றுபோன சேவை

மூன்று சர்வர்களில் இயங்கும் ஒரு சிறிய முன்பதிவுச் சேவையை நான் தனியாளாக நடத்திவருகிறேன். நிரல் எழுதுவது, சர்வர்களைப் பராமரிப்பது, வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என எல்லாமே என் பொறுப்பு. அந்தச் சேவை ஒரு சனிக்கிழமை அதிகாலை 1.40 மணிக்கு நின்றுபோனது. எனக்கு அது தெரியவந்தபோது காலை 8.50 ஆகியிருந்தது, அதுவும் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் வழியாகத்தான். பக்கம் திறக்கிறது, ஆனால் எதை அழுத்தினாலும் பிழை என்று வருகிறது, பராமரிப்பு வேலை ஏதேனும் நடக்கிறதா என்று அவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். பதறிப்போய்க் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே எல்லாம் பச்சையாக இருந்தது. முதல் பத்து நிமிடம் நான் சேவையைப் பார்க்கவே இல்லை. வாடிக்கையாளருடைய இணைய இணைப்பில்தான் கோளாறு என்று நம்பி, அவருக்கு அப்படியே ஒரு பதிலும் எழுதத் தொடங்கியிருந்தேன். அந்தக் கடிதத்தை அனுப்பாமல் விட்டது மட்டுமே அன்றைய தினத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியம்.

பச்சையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் வைத்திருந்த எச்சரிக்கைகள் இரண்டே இரண்டு. சி.பி.யூ. பயன்பாடு 80 விழுக்காட்டைத் தாண்டினால் மின்னஞ்சல் வரும் என்பது ஒன்று. முகப்புப் பக்கத்தை வெளியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் சோதனை மற்றொன்று. டேட்டாபேஸ் இறந்துவிட்ட பிறகு எந்தக் கோரிக்கையையும் செயல்படுத்தும் வேலையே சர்வருக்கு இல்லாததால் சி.பி.யூ. 3 விழுக்காட்டுக்கு இறங்கி நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. முகப்புப் பக்கமோ டேட்டாபேஸையே தொடாத நிலையான பக்கம். அது வழக்கம்போல் 200, அதாவது எல்லாம் சரி என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது என் டாஷ்போர்டில் இடம்பெறவே இல்லை. என் சர்வர்கள் கிளவுட் நிறுவனம் ஒன்று வாடகைக்குத் தரும் மெய்நிகர் இயந்திரங்கள். அவற்றை வெளியிலிருந்து பார்க்கும் அந்த நிறுவனத்தால் சி.பி.யூ.வையும் நெட்வொர்க் போக்குவரத்தையும் அளக்க முடியும். உள்ளே இருக்கும் கோப்பு அமைப்பில் எத்தனை இடம் மிச்சம் என்பது உள்ளே இயங்கும் இயக்குதளத்துக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல இயந்திரத்துக்குள் ஒரு முகவர் நிரலை நாம்தான் நிறுவ வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் தெரிவதெல்லாம்தான் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் என்று நான் மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். ஐந்து வாரங்களுக்கு முன்பு, பரிசோதனைக்காகப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் சர்வரை ஏற்படுத்தினேன். அந்த நகல் எதுவரை படித்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள மூல டேட்டாபேஸில் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் உருவாக்கப்பட்டது. சோதனை முடிந்ததும் நகல் சர்வரை நீக்கினேன். ஸ்லாட்டை நீக்க மறந்தேன். என்றோ ஒருநாள் நகல் திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்கும் என்று மூல டேட்டாபேஸ் விசுவாசத்தோடு, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறித்துவைக்கும் தன் 'வால்' (WAL) பதிவுக் கோப்புகளை, ஒவ்வொன்றும் 16 எம்.பி. என்ற அளவில், அழிக்காமல் சேர்த்துவைத்துக்கொண்டே இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 ஜி.பி. 240 ஜி.பி. டிஸ்க்கில் மீதமிருந்த இடம் முழுவதையும் அந்த வால் ஐந்து வாரங்களில் விழுங்கியது. பதிவு எழுத இடமில்லை என்றால் போஸ்ட்கிரெஸ் தரவின் பாதுகாப்புக் கருதித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பில், அதாவது 2020-இல், ஒரு ஸ்லாட்டுக்காக எவ்வளவு பதிவுகள் வரை சேர்த்துவைக்கலாம் என்று வரம்பிடும் அமைப்பு சேர்க்கப்பட்டது. ஆனால் அதன் இயல்பு மதிப்பு வரம்பில்லை என்பதே. போஸ்ட்கிரெஸ் நடத்துபவர்கள் இந்த வரியைப் படித்தவுடன் தங்கள் ஸ்லாட் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. செயலற்ற ஸ்லாட் ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் அடுத்த சனிக்கிழமை.

டிஸ்க் நிரம்பியதைக் கண்டுபிடித்தபோது மணி 9.25. பதிவுக் கோப்புறையில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஜி.பி. கிடப்பதைப் பார்த்ததும் பழையவற்றை அழித்துவிடலாம் என்று கை பரபரத்தது. கட்டளையைத் தட்டச்சு செய்தும் விட்டேன், என்டர் விசையை மட்டும் அழுத்தவில்லை. அந்தக் கோப்புறையைக் கையால் தொட்டால் டேட்டாபேஸ் மீண்டும் எழாமலே போகலாம். சரியான வழி, டிஸ்க்கைப் பெரிதாக்கி, கோப்பு அமைப்பையும் விரித்து, டேட்டாபேஸைத் தொடங்கி, ஸ்லாட்டை நீக்கி, நினைவகத்திலுள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிமுடிக்கும் செக்பாயின்ட் ஒன்றை நடத்துவது. அதன்பின் பழைய கோப்புகளை அது தானே களைந்துகொள்ளும். தெரிந்தவருக்கு இது கால் மணி நேர வேலை. கைநடுக்கத்தோடு ஒவ்வொரு படியையும் தேடிப் படித்துச் செய்த எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 11.30-க்குச் சேவை திரும்பியது. மொத்தம் 9 மணி 50 நிமிடம். மாதத்துக்கு 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று நான் வாக்களித்திருந்தேன். 30 நாள் மாதத்தில் அதற்கு 43 நிமிடம்தான் நின்றுபோக அனுமதி. ஏறத்தாழ 14 மாதங்களின் அனுமதியை ஒரே காலைப்பொழுதில் செலவழித்திருந்தேன். பதினொரு வாடிக்கையாளர்கள் விலகினார்கள். மற்றவர்களுக்கு அந்த மாதச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு சிறிய கசப்பும் உண்டு: கிளவுட் டிஸ்க்கைப் பெரிதாக்குவது எளிது, ஆனால் அதே டிஸ்க்கைச் சிறிதாக்க வழியில்லை. புதிய சிறிய டிஸ்க்குக்குத் தரவை மாற்ற நேரம் ஒதுக்கும்வரை அந்தக் கூடுதல் இடத்துக்கு ஏழு மாதம் வாடகை கட்டினேன்.

இதற்கு மேல் ஏமாறக் கூடாது என்ற வேகத்தில், அடுத்த வாரமே அளவுகளைச் சேகரிக்கும் புரோமீதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா, எச்சரிக்கைகளை அனுப்பும் அலர்ட்மேனேஜர் மூன்றையும் நிறுவினேன். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கிய புரோமீதியஸ் இன்று பரவலாகப் பயன்படுவதால் வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. அதுவே எனக்கு ஆபத்தாகவும் முடிந்தது. பிறர் எழுதிப் பொதுவில் வைத்திருந்த எண்பதுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை விதிகளை, ஒன்றையும் படிக்காமல், அப்படியே இறக்கி வைத்தேன். முதல் இரவில் 140 அறிவிப்புகள் வந்தன. பேக்கப் ஓடும்போது சி.பி.யூ. ஏறுகிறது என்று ஒன்று, ஏறியது இறங்கிவிட்டது என்று இன்னொன்று, நான் பயன்படுத்தாத ஸ்வாப் நினைவகம் காலியாக இருக்கிறது என்று வேறொன்று. நான்காம் நாள் அறிவிப்பு ஒலியை நிறுத்தினேன். ஆறாம் நாள் அந்த மின்னஞ்சல்களைத் தனி உறைக்குத் திருப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள், நினைவூட்டல் கடிதங்களை அனுப்பும் பின்னணி நிரல் நின்றுபோனது. அதற்கான எச்சரிக்கை மிகச் சரியாக, மிகச் சரியான நேரத்தில் வந்து, அந்த உறைக்குள் அறுபது கடிதங்களுக்கு அடியில் கிடந்தது. 19 மணி நேரம் ஒரு நினைவூட்டலும் போகவில்லை. முதல் விபத்தில் எனக்குச் சொல்ல ஆளில்லை. இரண்டாவதில் சொன்னதைக் கேட்க ஆளில்லை. இரண்டாவதுதான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு விதியையும் எடுத்துவைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்டேன். இது நடந்தால் பயனர் யாருக்காவது வலிக்கிறதா? வந்தவுடன் நான் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டா? காலை வரை காத்திருந்தால் என்ன கெடும்? முதல் இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்று பதில் வந்தவற்றை எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கி, வரைபடமாக மட்டும் டாஷ்போர்டில் விட்டேன். மூன்றாவது கேள்விக்கு ஒன்றும் கெடாது என்று பதில் வந்தவை காலையில் படிக்கும் மின்னஞ்சலாயின. மிச்சமிருந்த ஒன்பது மட்டுமே இரவில் தொலைபேசியை ஒலிக்கவைக்கும். தாமதம், போக்குவரத்து, பிழைகள், நிரம்பும் நிலை என்று கூகுளின் நம்பகத்தன்மைப் பொறியாளர்கள் பரப்பிய நான்கு அளவுகளை அடிப்படையாக வைத்துத் தொடங்குபவர்களுக்கு வழி தவறாது என்பது என் அனுபவம். அவற்றுள் தாமதமும் பிழைகளும் பயனர் உணர்வதை நேரடியாகச் சொல்பவை. சி.பி.யூ. 95 விழுக்காட்டில் இருந்தும் பக்கங்கள் விரைவாகத் திறந்தால் அது நான் கொடுத்த காசுக்கு இயந்திரம் நன்றாக உழைக்கிறது என்றே பொருள். தாமதத்தை அளக்கும்போது சராசரியை நம்ப வேண்டாம். நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு நொடிக்குள் திறந்து ஒருவரை ஒன்பது நொடி காக்கவைத்தாலும் சராசரி அழகாகவே தெரியும். பின்னணி வேலைகளுக்கு வரிசையின் நீளத்தைவிட, வரிசையில் நிற்கும் மிகப் பழைய வேலையின் வயதே நல்ல அளவு. வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டிருக்கலாம். ஒரே ஒரு வேலை மட்டும் நின்றாலும் அது மூன்று மணி நேரமாக நிற்கலாம்.

வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் சோதனையையும் மாற்றினேன். இப்போது அது முகப்புப் பக்கத்தைத் தொடுவதில்லை. டேட்டாபேஸில் ஒரு வரியைப் படித்துப் பதில் சொல்லும் தனி முகவரி ஒன்றைத் தொடுகிறது. இதே முகவரியை, வரும் கோரிக்கைகளை நிரலின் பிரதிகளுக்குப் பிரித்தனுப்பும் சுமைப்பகிர்வியின் நலச்சோதனைக்கும் கொடுத்து ஒருமுறை சூடுபட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். டேட்டாபேஸ் சில நொடிகள் திணறியபோது எல்லாப் பிரதிகளும் ஒரே நேரத்தில் நோயுற்றவையாக அறிவிக்கப்பட்டு, நிலையான பக்கங்கள்கூடத் திறக்காமல் போயின. நிரல் உயிரோடு இருக்கிறதா என்ற மேலோட்டமான சோதனை சுமைப்பகிர்விக்கு, சேவை உண்மையில் பயன்படுகிறதா என்ற ஆழமான சோதனை எனக்கு என இரண்டாகப் பிரித்துவைப்பதே நல்லது.

டிஸ்க் விஷயத்தில் நான் கற்றதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எல்லாரும் விழுக்காட்டில்தான் தொடங்குகிறார்கள். 90 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை என்று வைத்தால், 240 ஜி.பி. டிஸ்க்கில் மீதம் 24 ஜி.பி. நாளுக்கு 4 ஜி.பி. வளரும் எனது வாலுக்கு அது ஆறு நாள் அவகாசம். நடு இரவில் எழுப்பத் தேவையில்லை. பித்துப்பிடித்து நிமிடத்துக்கு ஒரு ஜி.பி. எழுதும் லாக் கோப்புக்கு (நிரல் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் கோப்பு) அதே 24 ஜி.பி. 24 நிமிடம். ஒரே விழுக்காடு, இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு நிரம்பியது என்பதல்ல, இந்த வேகத்தில் எப்போது நிரம்பும் என்பது. புரோமீதியஸில் 'பிரெடிக்ட் லீனியர்' என்ற செயற்கூறு இதற்காகவே இருக்கிறது. கடந்த சில மணி நேரப் போக்கை நேர்கோடாக நீட்டி, பின்னொரு நேரத்தில் மதிப்பு என்னவாக இருக்கும் என்று சொல்லும். நான்கு நாளில் நிரம்பும் என்றால் எனக்கு மின்னஞ்சல், நான்கு மணி நேரத்தில் நிரம்பும் என்றால் தொலைபேசி. இன்னொரு நுணுக்கம்: எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு இயல்பாக 5 விழுக்காட்டை நிர்வாகிக் கணக்கான ரூட் பயனருக்கு ஒதுக்கிவைக்கிறது. வெற்றிடம் எவ்வளவு என்ற அளவைப் பார்த்தால் 12 ஜி.பி. இருப்பதாகத் தெரியும், டேட்டாபேஸுக்கோ ஒரு பைட்கூடக் கிடைக்காது. எனவே பயன்படுத்தக் கிடைக்கும் இடத்தைச் சொல்லும் அளவையே எடுக்க வேண்டும். சின்னஞ்சிறு கோப்புகள் கோடிக்கணக்கில் சேரும் இடங்களில், கோப்புக்கு ஒன்று எனச் செலவாகும் ஐநோடுகளும் தீர்ந்துபோகும் என்பதால் அவற்றுக்கும் அதே விதியை எழுதிவைத்தேன்.

அடுத்த பாடம் மௌனத்தைப் பற்றியது. அளவு வரவே இல்லை என்றால் புரோமீதியஸ் விதி எதையும் கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாதபோது எச்சரிக்கையும் எழாது. பேக்கப் தோல்வியடைந்தால் சொல் என்று விதி எழுதியிருந்தேன். பேக்கப்பைத் தொடங்கும் கால அட்டவணையே ஒருமுறை அழிந்துபோனது. தொடங்காத வேலை தோற்பது எப்படி? பதினைந்து நாள் பேக்கப் இல்லாமல் ஓடியிருக்கிறேன், தற்செயலாகத்தான் பார்த்தேன். இப்போது கடைசியாக வெற்றிகரமாக முடிந்து 26 மணி நேரம் கடந்துவிட்டால் சொல் என்று விதியைத் திருப்பி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முக்கிய அளவுக்கும் அது காணாமல் போனால் எழும் துணை விதி ஒன்றும் உண்டு. கண்காணிக்கும் இயந்திரமே இறந்தால் யார் சொல்வது என்ற கேள்விக்குப் பதில், எப்போதும் எழுந்துகொண்டே இருக்கும் ஒரு எச்சரிக்கை. அது இடைவிடாமல் வெளியிலுள்ள வேறொரு சேவைக்கு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் குரல் பதினைந்து நிமிடம் கேட்காவிட்டால் வெளிச்சேவை என்னை அழைக்கும். இதைச் செய்ய அரை மணி நேரம் போதும், என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

நேரக் கணக்கிலும் ஒரு தவறு செய்தேன். விதியில் ஐந்து நிமிடம் நீடித்தால் என்று எழுதினால் ஐந்து நிமிடத்தில் தகவல் வரும் என எண்ணியிருந்தேன். இயல்பு அமைப்பில் அளவு எடுப்பது நிமிடத்துக்கு ஒருமுறை, விதியைச் சரிபார்ப்பது நிமிடத்துக்கு ஒருமுறை, அதன்பின் நான் கேட்ட ஐந்து நிமிடம், அதற்கும் மேல் அலர்ட்மேனேஜர் ஒரே வகை எச்சரிக்கைகளைச் சேர்த்தனுப்பக் காத்திருக்கும் 30 நொடி. மோசமான நிலையில் ஏழரை நிமிடம் ஆகிவிடும். மாதத்துக்கு 43 நிமிடம் மட்டுமே கையிருப்பு உள்ளவர் இதைத் தெரிந்துகொண்டே விதி எழுத வேண்டும்.

கண்காணிப்பே பணத்தைத் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புரோமீதியஸ் இயல்பாக 15 நாள் தரவை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், நீண்ட காலச் சேமிப்புக்காகக் கட்டணச் சேவை ஒன்றுக்கு அளவுகளை அனுப்பத் தொடங்கினேன். எந்த வாடிக்கையாளருக்குத் தாமதம் என்று பார்க்க ஆசைப்பட்டு, தாமத அளவில் வாடிக்கையாளர் எண்ணை ஒரு லேபிளாகச் சேர்த்தேன். லேபிள் மதிப்புகளின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு தனித் தொடர், அதாவது தனியே சேமிக்கப்படும் அளவு வரிசை. தாமதத்தை நேர அடுக்குகளாகப் பிரித்து எண்ணும் அந்த ஹிஸ்டோகிராம் ஒன்றுக்கு 13 தொடர்கள், 15 இணைய முகவரிகள், 4,000 வாடிக்கையாளர்கள்: பெருக்கினால் 7,80,000. அந்த மாதக் கண்காணிப்புக் கட்டணம் மூன்று சர்வர்களின் வாடகையையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். போதாக்குறைக்கு, பிழை தேடும்போது இயக்கிய விரிவான லாக் நிலையை அணைக்க மறந்து பதினொரு நாள் விட்டதால், உள்வாங்கும் ஜி.பி.க்குக் கட்டணம் வாங்கும் லாக் சேவையும் தன் பங்கைக் கேட்டது. எல்லையற்று வளரக்கூடிய எதையும், அதாவது பயனர் எண், மின்னஞ்சல், முழு இணைய முகவரி போன்றவற்றை, லேபிளாக வைக்காதீர்கள். அவற்றின் இடம் லாக். செலவு வரம்பு எச்சரிக்கையை முதல் நாளே வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிராதீர்கள். கட்டண விவரம் சில மணி நேரம் தாமதமாகவே வந்து சேரும். வரம்பைத் தாண்டினால் அது தெரிவிக்கும், தானாக எதையும் நிறுத்தாது.

ஒவ்வொரு எச்சரிக்கையுடனும் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஒன்றை எழுதி, அதன் இணைப்பைச் செய்தியிலேயே சேர்த்தேன். தூக்கக் கலக்கத்தில் படிப்பதற்கானது என்பதால் முதல் வரியிலேயே ஓட்ட வேண்டிய கட்டளை இருக்கும், விளக்கமெல்லாம் கீழே. அந்தக் குறிப்புகளை எந்தச் சர்வருக்காக எழுதினேனோ அதே சர்வரில்தான் முதலில் வைத்திருந்தேன் என்பதைச் சிரிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

இப்போது மாதம் ஒருமுறை நானே ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கிறேன். பகலில் ஒலிக்கும் எச்சரிக்கை இரவிலும் ஒலிக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால் ஒத்திகைக்கு இரவு 11 மணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சென்ற மாதம் பின்னணி நிரலை நிறுத்திவிட்டு, தொலைபேசியை மேசையில் வைத்துக் காத்திருந்தேன். எட்டு நிமிடம் ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, சத்தமில்லை. அலர்ட்மேனேஜர் எச்சரிக்கையை அனுப்பியிருந்தது. அழைப்புச் சேவை என்னை இரண்டு முறை அழைத்ததாகப் பதிவிட்டிருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பு வாங்கிய புதிய தொலைபேசியில், இரவு நேர அமைதி முறையிலும் ஒலிக்க வேண்டிய எண்களின் பட்டியல் காலியாக இருந்தது. அந்த எண்ணைச் சேர்த்துவிட்டு, பின்னணி நிரலை மறுபடி நிறுத்தினேன். ஏழாவது நிமிடம் தொலைபேசி ஒலித்தது.